ஹெல்சின்கி – டோக்கியோ: தூரம் மாறவில்லை, பயண நேரம் மாறியது

ஃபின்லாந்தின் தலைநகரான ஹெல்சின்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோ எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால், வான்வழியில் ஏறத்தாழ 7,830 கிலோமீட்டர் என்ற விடை நொடியில் கிடைத்துவிடும். அந்தத் தூரத்தைப் பயணிகள் விமானத்தின் வழக்கமான வேகமாகிய மணிக்கு 850 முதல் 900 கி.மீ.யால் வகுத்து, மேலேறவும் கீழிறங்கவும் கொஞ்சம் நேரம் சேர்த்து, ஒன்பதரை மணி நேரப் பயணம் என்று கணக்குச் சொல்லும் தளங்களும் உண்டு. 2022 பிப்ரவரி வரை அந்த விடை ஏறக்குறைய சரியாகவே இருந்தது. அதற்குப் பிறகு இதே இரு நகரங்களுக்கிடையே ஃபின்லாந்தின் ஃபின்ஏர் விமானத்தில் செல்பவர் சுமார் 13 மணி நேரம் வானில் இருக்க வேண்டியிருக்கிறது. இரு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. விமானத்தின் வேகமும் குறைந்துவிடவில்லை. கூடிய மூன்றரை மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொண்டால், தொலைதூர நகரங்களுக்கிடையிலான பயண நேரம் எவற்றால் தீர்மானிக்கப்படுகிறது என்பதும் விளங்கிவிடும்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் ஹெல்சின்கியையும் டோக்கியோவையும் ஓர் அளவுகோலால் இணைத்தால், அந்தக் கோடு தென்கிழக்காகச் சரிந்து, கசகஸ்தானின் கிழக்கு ஓரத்தையும் சீனத்தையும் கடந்து ஜப்பானை அடையும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும் மெர்க்கேட்டர் முறையில் வரைந்த வரைபடத்தில் அந்த நேர்கோட்டின் உண்மையான நீளம் சுமார் 8,780 கி.மீ. ஆனால் உருண்டையான பூமிப் பந்தின்மேல் இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது வேறு வழியில் போகும். அந்த நூல் காட்டும் பாதையைத்தான் பெருவட்டப் பாதை என்கிறோம். அதுவே மிகக் குறுகிய வழி. ஹெல்சின்கி வட அட்சம் 60 பாகையிலும் டோக்கியோ 36 பாகைக்குச் சற்றுக் கீழேயும் இருந்தாலும், இந்தப் பாதையில் செல்லும் விமானம் புறப்பட்டவுடன் தெற்கு நோக்கித் திரும்புவதில்லை. வடகிழக்காக ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டுத் தாண்டி, 67 பாகை வரை சென்ற பிறகே மெல்லத் தெற்கே வளைகிறது. பயணத்தின் நடுப்புள்ளி சைபீரியாவில், துங்குஸ்கா ஆறுகள் பாயும் காட்டுப் பகுதியின் மேல் அமைகிறது. வரைபடத்தில் சுற்றுவழி போலத் தோன்றும் இந்த வளைவு, நேர்கோட்டைவிட ஏறத்தாழ 950 கி.மீ. குறைவு, அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம்.

இந்தப் பாதையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ரஷ்யாவின் மேல் செல்கிறது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

தூரத்துக்கு அடுத்தபடியாக நேரத்தைத் தீர்மானிப்பது காற்று. நடு அட்சப் பகுதிகளில் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் குறுகிய, வேகமான காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே வீசுவது உலகிலேயே வலிமையான ஜெட் ஸ்ட்ரீம்களில் ஒன்று. மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. இதை முதலில் முறையாக அளந்தவர்களில் ஒருவர் வசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலையாளர். 1920களில் தத்தேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றைக் கண்டறிந்த அவர், தம் முடிவுகள் உலகம் முழுதும் சேர வேண்டும் என்ற விருப்பத்தில் 1926-இல் அவற்றை உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். வெளிநாடுகளில் அதைப் படித்தவர்கள் மிகச் சிலரே. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜப்பானை நோக்கி உயரத்தில் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கித் திணறிய பிறகுதான் அதன் வலிமை வெளியுலகுக்கு உறைத்தது. கவனமாகச் செய்த ஓர் ஆய்வு இருபது ஆண்டுகள் வெளியுலகின் கவனத்துக்கு வராமல் கிடந்தது வருந்தத்தக்கது.

காற்றின் விளைவை ஓர் எளிய கணக்கில் காணலாம். காற்றைச் சார்ந்து மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்குப் பாதை முழுதும் சராசரியாக 50 கி.மீ. பின்காற்று கிடைத்தால், தரையைச் சார்ந்து அதன் வேகம் 950 ஆகும்; 7,830 கி.மீ.யைக் கடக்க எட்டேகால் மணி போதும். அதே அளவு எதிர்க்காற்று இருந்தால் வேகம் 850 ஆகக் குறைந்து, ஒன்பதேகால் மணி ஆகும். ஆகவே கிழக்கே போகும் பயணமும் மேற்கே திரும்பும் பயணமும் ஒரே நேரம் எடுப்பது அரிது. தூரத்தை ஒரே வேகத்தால் வகுத்துக் கிடைக்கும் விடை இரு திசைக்கும் பொதுவான ஒரு மதிப்பீடு மட்டுமே. பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் நேரமோ, விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல் மறுமுனையில் நிற்கும் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், இறங்க அனுமதி கிடைக்காமல் வட்டமடிப்பதும் அதில் அடக்கம் என்பதால், அது எப்போதும் கணக்கைவிட அரை மணி அளவுக்குக் கூடுதலாக இருக்கும்.

இவை இரண்டும் இயற்கை சார்ந்தவை. மூன்றாவது காரணி, நான் இங்கே முதன்மையானதாகக் கருதுவது, அனுமதி. 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டு விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியின்மீது முழுமையான, தனிப்பட்ட இறைமை உண்டு என்று சொல்கிறது. இறங்காமல் கடந்து செல்லும் உரிமையை நாடுகள் தங்களுக்குள் பொதுவாக வழங்கிக்கொள்வதற்கான ஒரு துணை ஒப்பந்தம் அதே ஆண்டில் உருவானது. பல நாடுகள் அதில் சேர்ந்தன. ரஷ்யா அதில் சேரவில்லை. உலகின் மிகப் பெரிய நிலப்பரப்புக்கு மேலுள்ள வானத்தில் பறக்க வேண்டுமானால், ஒவ்வொரு நாடும் ரஷ்யாவுடன் தனித்தனியே பேசித்தான் அனுமதி பெற வேண்டும். ஐரோப்பாவிலிருந்து கிழக்கு ஆசியாவுக்குச் செல்லும் குறுகிய வழிகள் எல்லாம் அந்த நிலப்பரப்பின் மேலேதான் இருக்கின்றன.

சோவியத் காலத்தில் மேற்கு நாட்டு விமானங்களுக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டே இருந்தது. 1950களின் முற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து டோக்கியோ செல்பவர்கள் மேற்காசியா, இந்தியா, தென்கிழக்காசியா என்று தெற்கே சுற்றி, பல ஊர்களில் இறங்கி ஏறி, இரண்டு நாள்களுக்கு மேல் பயணம் செய்தார்கள். 1957 பிப்ரவரி 24 அன்று ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ்., டக்ளஸ் டிசி-7சி விமானத்தைக் கொண்டு கோபன்ஹேகனிலிருந்து வட துருவப் பகுதியைக் கடந்து, அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி, டோக்கியோ செல்லும் சேவையைத் தொடங்கியது. சுழலிகளால் இயங்கிய அந்த விமானத்தில்கூடப் பயணம் சுமார் 32 மணி நேரமாகக் குறைந்தது. அடுத்த முப்பது ஆண்டுகள் ஆங்கரேஜ், ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் இடையிலான சந்திப்பு நிலையமாக இருந்தது. நள்ளிரவில் எரிபொருள் நிரப்ப இறங்கிய அந்த நிலையத்தில் விற்ற உடோன் நூடுல்ஸை இன்றும் நினைவுகூரும் ஒரு தலைமுறை ஜப்பானில் இருக்கிறது.

ஆங்கரேஜில் இறங்காமலே போக முடியும் என்று காட்டியது ஃபின்ஏர். 1983 ஏப்ரலில், கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்திய டிசி-10 விமானத்தில், ஹெல்சின்கியிலிருந்து வட துருவத்தின் மேலாகப் பறந்து, அலாஸ்காவின் ஓரமாகத் தெற்கே திரும்பி, சோவியத் வான்வெளியைத் தொடாமல் இடைநிற்றலின்றி டோக்கியோவை அடையும் சேவையை அது தொடங்கியது. மேற்கு ஐரோப்பாவையும் ஜப்பானையும் இடைநில்லாமல் இணைத்த முதல் விமானச் சேவை அதுதான். பயண நேரம் சுமார் 13 மணி. வழியிலிருந்து பிசகுவதன் விலை என்ன என்பதை அதே ஆண்டு செப்டம்பர் 1 காட்டியது. ஆங்கரேஜிலிருந்து சியோல் நோக்கிப் பறந்த கொரிய விமானம் பாதை தவறி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்து, சகலின் தீவருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானத்தில் இருந்த 269 பேரும் உயிரிழந்தனர். அதன் பிறகே, அமெரிக்க இராணுவத்துக்காக உருவாகிக்கொண்டிருந்த ஜிபிஎஸ் வசதி பொதுப் பயன்பாட்டுக்கும் திறந்துவிடப்படும் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது.

பனிப்போர் தணிந்து, சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு சைபீரிய வான்வழி மேற்கு நாட்டு நிறுவனங்களுக்குப் படிப்படியாகத் திறந்தது. இலவசமாக அன்று. வழிசெலுத்தும் சேவைக்கான வழக்கமான கட்டணத்துக்கு மேல், ரஷ்யாவின் ஏரோஃப்ளோட் நிறுவனத்துக்குத் தனியே ஒரு தொகையைச் செலுத்த வேண்டியிருந்தது; ஐரோப்பிய நிறுவனங்கள் இவ்வகையில் ஆண்டுக்கு 30 கோடி யூரோவுக்கு மேல் செலுத்திவந்ததாக ஐரோப்பிய ஆணையம் கணக்கிட்டிருந்தது. தன் வான்வெளியைக் கடக்கிறவர்களிடமிருந்து தன் நாட்டு நிறுவனத்துக்கு, அதாவது அவர்களின் போட்டியாளருக்கே, பணம் வாங்கித் தரும் ஏற்பாடு இது. முறையற்றது என்று பல ஆண்டுகள் வாதாடிய ஐரோப்பிய நிறுவனங்கள் அதைச் செலுத்தவும் செய்தன. மாற்று வழியில் ஆகும் எரிபொருள் செலவு அதைவிட அதிகம் என்பதே காரணம்.

இந்தத் திறப்பால் மற்ற எவரையும்விட ஆதாயம் அடைந்தது ஃபின்லாந்து. ஐரோப்பாவின் வடகிழக்கு மூலையில் இருப்பது வணிகத்துக்கு ஒரு குறையாகவே வெகுகாலம் கருதப்பட்டது. சைபீரிய வழி திறந்ததும் அந்தக் குறையே மூலதனமானது. பாரிஸ், மான்செஸ்டர், பிரசெல்ஸ் போன்ற நகரங்களிலிருந்து டோக்கியோவுக்கோ சியோலுக்கோ பெருவட்டப் பாதை வரைந்தால், அது ஃபின்லாந்துக்கு அருகே செல்லும். ஆகவே ஹெல்சின்கியில் இறங்கி மாறுவது பயணிக்குச் சுற்றுவழி ஆகாது. ஐந்தரை மில்லியன் மக்களே வாழும் நாட்டின் விமான நிறுவனம் ஒன்று, டோக்கியோ, ஒசாகா, நகோயா, ஃபுகுவோகா, சப்போரோ என்று ஜப்பானின் ஐந்து நகரங்களுக்குப் பறக்கும் அளவுக்கு வளர்ந்தது இப்படித்தான்.

இதில் பயணிகளின் கண்ணில் படாத, ஆனால் நிறுவனத்தின் வரவுசெலவைத் தாங்கி நின்ற ஒரு நுட்பம் உண்டு. போக ஒன்பதரை மணி, வர பத்து மணி, டோக்கியோவில் இறக்கி ஏற்றத் தேவையான சில மணி நேரம் எல்லாவற்றையும் கூட்டினாலும் 24 மணிக்குள் அடங்கும். மாலையில் ஹெல்சின்கியிலிருந்து புறப்பட்ட விமானம் மறுநாள் பிற்பகல் அதே இடத்துக்குத் திரும்பி, அன்று மாலையே மீண்டும் புறப்படலாம். நாள்தோறும் நடக்கும் ஒரு சேவைக்கு ஒரே விமானம் போதுமாயிருந்தது. லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ ஜப்பான் செல்லும் நிறுவனங்களால் இதைச் செய்ய இயலாது. அவர்களுக்குப் போக வர 24 மணிக்குள் முடியாது.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனின்மீது படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் தன் வானத்தை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. பதிலுக்கு 28-ஆம் தேதி, 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்கு ரஷ்யா தன் வானத்தை மூடியது. ஃபின்லாந்து அந்தப் பட்டியலில் இருந்தது. தூரத்தைச் சாதகமாக்கிக் கட்டியெழுப்பிய வணிகம் நான்கைந்து நாள்களில் நிலைகுலைந்தது. ஃபின்ஏர் தன் ஆசியச் சேவைகளில் பலவற்றை நிறுத்தியது. மார்ச் 9 அன்று டோக்கியோ சேவையை மீண்டும் தொடங்கியபோது, அந்த விமானம் சென்றது 1983-இல் திறந்த அதே துருவ வழியில். நேரமும் அதே 13 மணி.

துருவ வழியின் தூரத்தை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஹெல்சின்கியிலிருந்து வட துருவத்தை ஒட்டி, அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் இடையிலுள்ள பெரிங் நீரிணை வரை சுமார் 5,950 கி.மீ. அங்கிருந்து டோக்கியோவுக்கு மிகக் குறுகிய வழியில் இன்னும் 4,680 கி.மீ. மொத்தம் 10,600-ஐத் தாண்டுகிறது. அந்தக் குறுகிய வழியும் ரஷ்யாவின் கம்சாத்கா பகுதியை உரசிச் செல்வதால், நடைமுறையில் கடல் பக்கமாக விலகி இன்னும் சில நூறு கி.மீ. சுற்ற வேண்டும். ஆக, 7,830 கி.மீ. பயணம் 11,000-க்கு மேல் நீண்டுவிடுகிறது.

தூரம் மட்டுமே சிக்கல் அன்று. இரண்டே என்ஜின்கள் கொண்ட விமானம், ஒரு என்ஜின் நின்றுபோனாலும் மற்றதைக் கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதேனும் ஒரு விமான நிலையத்தை அடையும்படியாகத்தான் பாதையை அமைக்க வேண்டும். 1953-இல் அமெரிக்க விதி இதை 60 நிமிடமாக வரையறுத்தது. 1985-இல் அது 120 நிமிடமானது. என்ஜின்களின் நம்பகத்தன்மை கூடக் கூட வரம்பும் தளர்ந்துவந்தது. ஃபின்ஏர் இப்போது பயன்படுத்தும் ஏர்பஸ் ஏ350 வகை விமானத்துக்கு, 2014-இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 370 நிமிடம் வரை அனுமதி வழங்கியது. இந்தத் தளர்வு இல்லாவிட்டால், இறங்க இடமே இல்லாத ஆர்க்டிக் பெருங்கடலுக்கு மேல் இரட்டை என்ஜின் விமானத்தைச் செலுத்துவது நினைத்துப் பார்க்க முடியாதது. 1983-இல் பறந்த டிசி-10 விமானத்துக்கு மூன்று என்ஜின்கள் இருந்ததையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

குளிரும் ஒரு கவலை. ஜெட் ஏ-1 எரிபொருள் −47 பாகை செல்சியஸில் உறையத் தொடங்கும். துருவப் பகுதியின் மேலே வெளிக்காற்று அதைவிடக் குளிர்ந்திருப்பது சாதாரணம். விமானத்தின் வேகத்தால் இறக்கைகளின் மேற்பரப்பு சற்றுச் சூடேறுவதால் தொட்டியின் வெப்பநிலை அந்த அளவுக்கு இறங்கிவிடுவதில்லை என்றாலும், விமானிகள் அதைத் தொடர்ந்து கவனித்து, தேவைப்பட்டால் உயரத்தைக் குறைத்து வெப்பமான காற்றுக்குள் இறங்குவார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள். காந்தத் திசைகாட்டி துருவத்தருகே நம்பத்தக்கதாக இருக்காது. சூரியப் புயல்கள் வானொலித் தொடர்பைக் குலைக்கக்கூடும். அத்தகைய நாள்களில் துருவ வழி தவிர்க்கப்படுகிறது.

தெற்கே இன்னொரு வழியும் உண்டு. பால்டிக் நாடுகள், போலந்து, ருமேனியா, கருங்கடல், துருக்கி, ஜார்ஜியா, அசர்பைஜான், காஸ்பியன் கடல், கசகஸ்தான், சீனம், கொரியா என்று ரஷ்யாவைக் கீழ்ப்புறமாகச் சுற்றிச் செல்லும் இந்த வழி, தூரத்தில் துருவ வழிக்கு ஏறக்குறைய இணையானது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஒவ்வொரு நாளும் காற்றுதான் தீர்மானிக்கிறது. கிழக்கே போகும்போது தெற்கு வழியில் ஜெட் ஸ்ட்ரீம் பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்குமென்பதால், அதைத் தவிர்த்து வடக்கே ஏறித் துருவத்தைக் கடப்பது இலாபம். ஆகவே ஒரே பயணச்சீட்டில் போகும்போது ஆசியாவின் நடுவிலும் வரும்போது துருவத்தின் மேலும் பறந்து, பூமியின் வட பாதியை ஒரு சுற்றுச் சுற்றிவருகிற பயணிகள் இருக்கிறார்கள்.

மூன்றரை மணி நேரக் கூடுதல் பயணத்தின் விலையைப் பயணிகளின் களைப்பால் மட்டும் அளக்க முடியாது. ஏ350 போன்ற விமானம் மணிக்குச் சுமார் 6 டன் எரிபொருளை எரிக்கிறது. ஒரு வழிப் பயணத்துக்கே 20 டன் அளவுக்குக் கூடுதல். அந்தக் கூடுதல் எரிபொருளின் எடையைச் சுமக்கவே இன்னும் எரிபொருள் வேண்டும். எடை வரம்பு முட்டும்போது சரக்கைக் குறைக்க வேண்டும். போக வர 26 மணி ஆகிவிட்டதால், ஒரே விமானம் ஒரு நாளில் திரும்பிவந்த ஏற்பாடும் உடைந்தது. ஃபின்ஏர் வட அமெரிக்காவையும் தோகாவையும் நோக்கித் தன் சேவைகளைத் திருப்பியது. வேலையற்று நின்ற விமானங்களையும் பணியாளர்களையும் பிற நிறுவனங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தது. என்னை மிகவும் உறுத்துவது அந்த 20 டன்தான். எவருக்கும் எந்தப் பயனும் தராமல், ஓர் எல்லைக்கோட்டைச் சுற்றிப்போவதற்காக மட்டுமே அது நாள்தோறும் எரிகிறது.

தடை எல்லோருக்கும் பொதுவானதன்று என்பது இதில் இன்னொரு சிக்கல். சீன நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு ரஷ்யாவின் மேலாகவே தொடர்ந்து பறக்கின்றன. ஏர் இந்தியாவும் தன் வட அமெரிக்கச் சேவைகளுக்கு அந்த வழியைப் பயன்படுத்திவந்தது. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சென்ற அதன் விமானம் என்ஜின் கோளாறால் ரஷ்யாவின் மகதானில் இறங்கியபோதுதான் இது பலருக்குத் தெரியவந்தது. இந்திய நிறுவனங்களுக்கு வேறொரு கதவு மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபின், டெல்லியிலிருந்து மேற்கே செல்லும் பயணங்கள் அரபிக் கடல் வழியாகச் சுற்ற நேர்ந்து, வட அமெரிக்கச் சேவைகள் சில வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் எரிபொருளுக்காக இறங்கிச் சென்றன. ஒரே நகரத்திலிருந்து ஒரே நகரத்துக்கு, விமானத்தின் வாலில் எந்த நாட்டு நிறுவனத்தின் சின்னம் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பயண நேரம் மணிக்கணக்கில் வேறுபடுகிறது. தூரத்தை மட்டும் பார்த்துக் கணக்குச் சொல்லும் கருவிகள் தவறிப்போவது இங்கேதான்.

பயணச்சீட்டிலுள்ள இரு நேரங்களைக் கழித்துப் பயண நேரத்தை அறிய முயல்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜப்பான் ஆண்டு முழுதும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றுகிறது. ஃபின்லாந்து கோடையில் ஒரு மணி முன்னால் வைக்கிறது. ஆகவே இரு நகரங்களுக்கும் இடையிலான வேறுபாடு குளிர்காலத்தில் 7 மணி, கோடையில் 6 மணி. டோக்கியோவில் குளிர்கால இரவு 10 மணிக்குப் புறப்படும் விமானம் 13 மணி நேரம் பறந்து, ஹெல்சின்கியில் விடியற்காலை 4 மணிக்கு இறங்கும். கடிகாரங்களை மட்டும் பார்த்தால் ஆறு மணி நேரப் பயணம். அந்தப் பருவத்தில் துருவப் பகுதியில் சூரியன் உதிப்பதே இல்லை என்பதால், வழி முழுதும் சன்னலுக்கு வெளியே இருள்தான். ஜூன் மாதத்தில் அதே வழியில் செல்கிறவருக்கோ, துருவத்தின் மேல் நள்ளிரவிலும் வெயில் இருக்கும்.